பொருந்தாத புள்ளி

அந்த வீட்டில் மூன்று மாதமாக யாரும் கணக்கைப் பற்றி வாய் திறக்கவில்லை. கணக்குப் பேராசிரியர் வீட்டில் கணக்குப் பேசக் கூடாதென்றால், மீன் தொட்டியில் தண்ணீர் கூடாது என்பது மாதிரிதான். ஆனால் காரணம் இருந்தது. கல்லூரி நுழைவுத் தேர்வின் கணக்கு வினாத்தாளைத் தயாரிப்பவன் அந்த வீட்டு மகன். அந்தத் தாளை இந்த ஆண்டு எழுதப் போகிறவள் அவனுடைய தங்கை.

பள்ளிச் சான்றிதழில் என்ன பெயர் இருந்தாலும் வீட்டில் அவள் வாலு. அப்பா போனபோது கைக்குழந்தை. அண்ணன் தோளில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்லி வளர்ந்தவள். மற்றப் பெண்கள் கைப்பேசியில் பாட்டுக் கேட்டால் இவள் அண்ணனிடம் போய், "ஒரு புதிர் போடுண்ணா, தூக்கம் வர மாட்டேங்குது" என்பாள். அண்ணன் படித்த கல்லூரியில், அண்ணன் பாடம் எடுக்கும் அதே வகுப்பில், கணக்குப் படிக்க வேண்டும். வேறு ஆசை என்று ஒன்று அவளுக்கு இருந்ததாக யாரும் கேள்விப்படவில்லை.

விண்ணப்பம் போட்ட அன்றே அண்ணன் தன் அறைக்குப் பூட்டு வாங்கி மாட்டினான். பழைய வினாத்தாள்களைக் கட்டிக் கல்லூரிக்கே எடுத்துப் போய்விட்டான். பயிற்சி நிலையத்தில் சேரவும் கூடாது என்றான்.

"என் கிளாஸ்ல எல்லாரும் சேந்தாச்சுண்ணா. நான் மட்டும்தான் பாக்கி."

"நீ சேந்தா அந்த சென்டர்காரன் மறுநாளே போர்டு மாட்டிடுவான். பேப்பர் எடுக்கறவர் தங்கச்சியே எங்ககிட்டத்தான் படிக்கறான்னு. அப்புறம் நான் வெளிய தலை காட்ட முடியுமா?"

"அப்ப நான் எதை வச்சுப் படிக்க?"

"பாடப் புத்தகம் இருக்கே. என் பேப்பருக்கு அது போதும்."

அவன் பொய் சொல்லவில்லை. அது போதும் என்று உண்மையாகவே நம்பினான். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவிக்குத்தான் அந்த நம்பிக்கை வரவில்லை. ஒரு தடவை கடைத்தெருப் பயிற்சி நிலையத்தின் சன்னலோரமாக நடந்தபோது உள்ளே ஒருவன், "இந்த மனுஷன் எப்பவும் நீளமான வழியில போனா நேரம் போதாத மாதிரித்தான் கேப்பாரு, குறுக்கு வழி இதோ" என்று கரும்பலகையைத் தட்டிக்கொண்டிருந்தான். தன் கணவனைப் பற்றி இத்தனை நுணுக்கமாகத் தெரிந்தவன் இன்னொருவன் இருக்கிறானே என்று அன்று சிரிப்புத்தான் வந்தது. இப்போது அந்தக் குறுக்கு வழிகள் தெரியாத ஒரே பெண் தன் வீட்டிலேயே புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை.

மனைவியும் அதே கல்லூரியில்தான் வேலை பார்த்தாள். சேர்க்கைப் பிரிவில் புள்ளிவிவர அலுவலர். பெயர் பெரிது, அறை சின்னது. இரண்டு இரும்பு அலமாரி, இருமிக்கொண்டே அச்சடிக்கும் ஒரு பிரிண்டர், சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்த ஒரு சன்னல். கல்யாணத்துக்கு முன்பு அவன் முதல் தடவை அந்த அறைக்கு வந்தது சண்டை போடத்தான். அவள் தயாரித்த ஆண்டறிக்கையில் ஒரு தசமம் இடம் மாறியிருக்கிறது என்றான். மாறவில்லை என்று இவள் நின்றாள். அது யார் தவறு என்று தீர்வதற்குள் நாலைந்து டீ குடித்து, இரண்டு வீட்டிலும் பேசி, சம்பந்தம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அவன் அவளை "ஆபீசர்" என்றுதான் கூப்பிடுவான். நாத்தனாரும் அண்ணியும் ஒரே தலையணையில் சாய்ந்து கதை பேசுவதைப் பார்த்து மாமியாருக்கே சில நாள் பொறாமை வரும்.

அந்த ஆண்டு கல்லூரி முதல்வர் அவளைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்திருந்தார். நாம் நுழைவுத் தேர்வை மட்டும் வைத்துத்தான் பிள்ளைகளை எடுக்கிறோம். அதில் நிறைய வாங்கியவர்கள் உள்ளே வந்த பிறகும் நன்றாகப் படிக்கிறார்களா? பள்ளி மதிப்பெண் அதைவிட நன்றாகச் சொல்கிறதா? பார்த்துச் சொல்லுங்கள். இந்த ஆண்டே விதியை மாற்ற வேண்டுமானால் மாற்றிவிடலாம்.

ஐந்து ஆண்டுப் பிள்ளைகளையும் எடுத்து இரண்டு படம் வரைந்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. பள்ளி மதிப்பெண்ணை வைத்து வரைந்த படத்தில் புள்ளிகள் இடமிருந்து வலமாகப் பறவைக் கூட்டம் போல மேலேறின. நுழைவுத் தேர்வை வைத்து வரைந்ததில் யாரோ தும்மியது மாதிரி சிதறிக் கிடந்தன.

மாலையில், எல்லாரும் போன பிறகு, கணவனிடம் இரண்டையும் காட்டினாள். அவன் மேசை விளிம்பில் உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தான்.

"சரி ஆபீசர், ஒரு சந்தேகம். இதுல இருக்கறது எல்லாம் உள்ள வந்த பிள்ளைங்கதானே?"

"ஆமா."

"நாம கழிச்சுவிட்டவன் ஒருத்தன்கூட இதுல இல்ல. சலிச்ச மாவை மட்டும் கையில வச்சுக்கிட்டு, இதுல கப்பியே இல்லையே, சல்லடை எதுக்குன்னு கேக்கற மாதிரி இருக்கு."

அவன் சொன்னது சரி. அதுதான் அவளுக்கு எரிச்சல். "அந்தக் குறைக்கும் ஈடு கட்டித்தான் பாத்தேன். அப்பவும் ஸ்கூல் மார்க்தான் முன்னால நிக்குது. ஸ்கூல் மார்க்குங்கறது பல வருஷம் தினமும் எழுந்து உக்காந்து படிச்சது. உங்க பேப்பர் ஒரு காலை நேரம். உங்க பேப்பரைத் தூக்கிப் போடச் சொல்லல சாமி. பாதி அது, பாதி இது. ரெண்டும் சேந்தா இன்னும் நல்லாச் சொல்லுது."

அவன் மறுக்கவில்லை. படத்தை மடித்து அவள் கையில் கொடுத்தான்.

"அடுத்த வருஷம் குடு."

"ஏன்?"

"வாலு எழுதியிருக்கா. இந்த வருஷம் விதியை மாத்தினா, ஸ்கூல்ல முதல்ல வந்தவ அவ. யாருக்காக மாத்தினாங்கன்னு ஊருக்கே தெரியும். நீ ரிப்போர்ட் எழுதினவ, நான் பேப்பர் எடுத்தவன். போதாதா? கழிச்சுவிட்ட பிள்ளைங்க கணக்கையும் சேத்து முழுசா குடு. யாரும் குறை சொல்ல முடியாது."

"வாலு கதி?"

"அவளுக்கென்ன? தூங்கிட்டே பாஸ் பண்ணுவா."

ஊர்ப் பேச்சா, முழுக் கணக்கா, இரண்டு காரணத்தில் எது நிஜம் என்று அவள் கேட்கவில்லை. அவனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். வாலு எப்படியும் தேறிவிடுவாள் என்ற நினைப்பில் அவளும் சரி என்றாள். இன்னும் சில விவரம் வேண்டியிருக்கிறது, அடுத்த ஆண்டு தருகிறேன் என்று முதல்வரிடம் சொன்னாள். அவரும் தலையாட்டிவிட்டார்.

வாலு நாலு மதிப்பெண்ணில் தவறினாள்.

முடிவு வந்த அன்று மாமியார் சாப்பாட்டுத் தட்டுகளை மேசையில் வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே காலேஜ்ல உத்தியோகம். ஊரான் பிள்ளைக்கெல்லாம் கதவு திறக்குது. வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சீட்டு வாங்க வக்கில்ல. இதை வெளிய சொன்னா வழிச்சுக்கிட்டுச் சிரிப்பாங்க."

"அம்மா, சும்மா இரு. இது வாங்கறது விக்கறது இல்ல."

"ஆமாண்டா. நீதான் உலகத்துலயே பெரிய யோக்கியன்."

வாலு அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலை இறக்கி, அன்பாகத்தான் பேசினான். அன்பாகப் பேசியதால்தான் அது அத்தனை ஆழமாக இறங்கியது.

"பேப்பருக்கு உன் மேல என்னடா பகை? உள்ள வந்து திணறி நிக்கறதை விட இப்பவே தெரிஞ்சது நல்லது வாலு. கணக்கு உனக்குப் பிடிக்கும். இல்லைங்கல. ஆனா பிடிக்கறது வேற, வர்றது வேற."

வாலு தலையைத் தூக்கினாள். அண்ணனைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

"அண்ணி, நீங்கதானே இதையெல்லாம் பாக்கறவங்க. இந்தப் பரீட்சையில வராதவங்களுக்கு அப்புறமும் வராதா?"

பதில் அண்ணியின் நாக்கு நுனியில் இருந்தது. வரும்டி, நான் வரைஞ்ச படத்திலேயே இருக்கு என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி என்னவென்று தெரியும். கணவன் கண் அவள் மேலேயே இருந்தது.

"முதல்ல சாப்பிடு. ஆறிடும்" என்றாள்.

பாத்திரம் கழுவும்போது கணவன் துடைக்க வந்து நின்றான். சண்டை போட்ட நாளில்கூட அந்த வேலையை அவன் விட்டதில்லை.

"சேர்க்கைக் குழு இன்னும் கூடலைங்க. நாளைக்குக் குடுத்தாக்கூட போதும். பாதி பாதின்னா அவ உள்ள வந்துடுவா."

"நேத்து குடுத்திருந்தா அது ரிப்போர்ட். இன்னைக்குக் குடுத்தா சிபாரிசு."

"உண்மை நேத்தும் அதேதான், இன்னைக்கும் அதேதான்."

"உண்மைதான். ஆனா நாளைக்கு அந்தப் பிள்ளை வகுப்புல உக்காரும்போது, பின்னாடி இருந்து ஒருத்தன் அண்ணன் தயவுல வந்தவன்னு சொன்னா, அது தாங்குமா? நான் அவளுக்காகத்தான் சொல்றேன்."

அவளுக்காகத்தான் சொன்னான். அதில் சந்தேகம் இல்லை. அந்த மனிதனின் நேர்மையைப் பார்த்துத்தான் இவள் கழுத்தை நீட்டினாள். இப்போது அந்த நேர்மை வீட்டுப் பிள்ளையின் கழுத்தில் ஏறி நிற்கும்போது, இறங்கு என்று சொல்லத் தைரியம் வரவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விளக்கை அணைத்தாள். படங்கள் அலமாரியிலேயே கிடந்தன.

வாலு ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு கல்லூரியில் சேர்ந்தாள். அங்கேயும் கணக்குத்தான். முதல் மாதம் ஒழுங்காகப் போய் வந்தாள். பிறகு பேச்சுக் குறைந்தது. முன்பெல்லாம் கடைக்காரர் கூட்டுவதற்கு முன்னே மொத்தத்தைச் சொல்லி அவரை வெட்கப்படுத்துகிறவள், இப்போது பால் பாக்கெட்டும் ரொட்டியும் வாங்கினாலே கைப்பேசியில் கூட்டிப் பார்த்தாள். ஒரு நாள் வகுப்புத் தேர்வுத் தாள் மேசையில் கிடந்தது. பாதிக்கு மேல் வெள்ளை.

"என்னடி இது? இதெல்லாம் நீ எட்டாவதுலயே போட்டதாச்சே."

"தெரியும் அண்ணி. வீட்டுல போட்டா வருது. அங்க உக்காந்தா, இது எனக்கு வராத விஷயம்தானேன்னு தோணுது. அதுக்கப்புறம் கை நின்னுடுது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அண்ணன் நல்லவேளை முன்கூட்டியே சொன்னான்."

அண்ணியின் மடி பக்கத்திலேயேதான் இருந்தது. வாலு சாயவில்லை.

அன்றாவது சொல்லியிருக்கலாம். இவள் என்ன செய்தாள் என்றால், எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். ஆறு மாதம் மறைத்த ஒன்றை ஏழாவது மாதம் சொல்வது, முதல் நாள் சொல்வதை விடப் பல மடங்கு கஷ்டம். தள்ளத் தள்ள அது பாறை மாதிரி கனத்துக்கொண்டே போனது. அண்ணன் மட்டும் தங்கையின் கதவருகே போய் நின்று, "ஒரு புதிர் போடட்டுமா?" என்று கேட்பான். "தூக்கம் வருதுண்ணா" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

ஆண்டு திரும்பியது. முதல்வர் மற்றக் கல்லூரிகளுக்கு எழுதி, இங்கே இடம் கிடைக்காமல் அங்கே சேர்ந்த பிள்ளைகளின் முதலாண்டு மதிப்பெண்களை வாங்கித் தந்தார். கழிச்சுவிட்ட பிள்ளைங்க கணக்கு என்று கணவன் கேட்டானே, அதுதான். அவள் ஒவ்வொன்றாக ஏற்றினாள். பழைய படம் பொய்யாகவில்லை, இன்னும் தெளிந்தது. நுழைவுத் தேர்வு தள்ளிவிட்டவர்களில் பள்ளியில் நன்றாகப் படித்தவர்கள், போன இடத்தில் எல்லாம் நன்றாகவே படித்திருந்தார்கள். புள்ளிகள் வரிசை கட்டி மேலேறின.

ஒன்று மட்டும் ஏறவில்லை. வலது ஓரத்தில், எல்லாருக்கும் கீழே, தரையோடு தரையாகத் தனியாகக் கிடந்தது.

"இது யாரு? எங்கயாவது தப்பா ஏத்திட்டியா?" என்று கணவன் விரல் வைத்தான்.

"தப்பில்ல. உங்க தங்கச்சி."

விரலை எடுக்க அவனுக்கு நேரம் பிடித்தது. "மத்த எல்லாரும் பொருந்தறாங்க. இவ ஒருத்திதான் பொருந்தல" என்றான் மெதுவாக. பிறகு, தன்னைத் தானே தேற்றிக்கொள்கிறவன் மாதிரி, "அவ விஷயத்துல மட்டும் பேப்பர் சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றான்.

"பேப்பர் சொன்னதா? பேப்பர் நாலு மார்க் குறைச்சலுன்னுதான் சொல்லிச்சு. வராதுன்னு சொன்னது நீங்க. கேட்டப்ப ஆமாங்கற மாதிரி உக்காந்திருந்தது நான்."

அன்றைக்கு இருவரும் ஒரே பேருந்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து வீட்டுக்கு வந்தார்கள்.

ஆட்சிக் குழுவில் அறிக்கை ஒருமனதாக நிறைவேறியது. அவனே எழுந்து ஆதரித்துப் பேசினான். தன் தாளின் எடையைத் தானே பாதியாகக் குறைக்கச் சொன்ன மனிதனுக்குக் கை தட்டினார்கள். இப்படி ஒரு பெருந்தன்மையைப் பார்த்ததில்லை என்று முதல்வர் அவள் காதில் சொன்னார். அவளால் அந்த இடத்தில் உட்கார முடியவில்லை.

புது விதியில் ஒரு நல்லது இருந்தது. போன ஆண்டு தவறியவர்களும் மறுபடி விண்ணப்பிக்கலாம். பழைய பள்ளி மதிப்பெண்ணும் பழைய தேர்வு மதிப்பெண்ணுமே செல்லும். வாலுவுக்கு இடம் நிச்சயம். கடைசித் தேதிக்கு முதல் நாள் அண்ணி விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நாத்தனாரைத் தேடிப் போனாள்.

வாலு முதலாண்டு முடிந்ததுமே கல்லூரியை விட்டுவிட்டு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சேர்ந்திருந்தாள். பக்கத்திலேயே ஒரு விடுதியில் தங்கல். மாமியார் ஒரு பாட்டம் அழுது தீர்த்திருந்தார். கடைச் சுவரில் பெரிதும் சிறிதுமாக எழுத்துப் பலகை. ஒரு பெரியவரை உட்காரவைத்து வாலு வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணி. அஞ்சு நிமிஷம்." பெரியவரை அனுப்பிவிட்டு வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. "இந்த வேலை நல்லாருக்கு அண்ணி. எழுத்து தெரியலைன்னா இங்க யாரும் ஆளைத் திட்டறதில்ல. வேற கண்ணாடி போட்டுப் பாக்கறோம்."

பழைய வாலு எட்டிப் பார்த்தது போல இருந்தது. அந்தத் தைரியத்தில் அண்ணி விண்ணப்பத்தைக் கண்ணாடிப் பெட்டி மேல் விரித்து, புது விதியைச் சொன்னாள். "கையெழுத்து மட்டும் போடு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"வேணாம் அண்ணி. அங்க வந்தும் திணறினா? அண்ணன் சொன்னது சரின்னு ரெண்டாவது தடவை காட்டணுமா?"

"திணற மாட்டே. நான் சொல்றேன்ல? ஸ்கூல்ல நல்லாப் படிச்ச பிள்ளைங்க நல்லாத்தான் படிக்கறாங்க. வருஷா வருஷம் அப்படித்தான் வந்திருக்கு. நான் கண்ணால பாத்து வரைஞ்சது."

"இந்த வருஷமா வரைஞ்சீங்க?"

ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெண் கையெழுத்துப் போட்டிருக்கலாம். பொய் சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. வர வேண்டிய நாளில் வராத உண்மை வேண்டாத நாளில் வந்து விழுந்தது.

"போன வருஷம். நீ பரீட்சை எழுதி முடிச்சப்பவே."

வாலு கையிலிருந்த துணியால் ஒரு வில்லையைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

"அப்ப, சாப்பிடறப்ப நான் உங்களைக் கேட்டேனே. அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அண்ணனுக்கும்?"

"உனக்காகத்தான்னு நெனச்சோம் வாலு. நாலு பேர் உன்னைத் தப்பாப் பேசக் கூடாதுன்னு..."

"நாலு பேர் பேசியிருந்தா கேட்டுட்டுப் போயிருப்பேன் அண்ணி. அவங்க யாரு எனக்கு?" குரல் உயரவில்லை. "நான் கேட்டது உங்க ரெண்டு பேரைத்தான்."

அண்ணி அவள் கையைப் பிடிக்கப் போனாள். வாலு விண்ணப்பத்தை நான்காக மடித்து அந்தக் கையிலேயே வைத்தாள். வாசலில் ஒரு அம்மாள் குழந்தையோடு வந்து நின்றாள். "வாங்க, உள்ள உக்காருங்க" என்று வாலு அந்தப் பக்கம் போய்விட்டாள். குழந்தையை உயரமான நாற்காலியில் தூக்கி உட்காரவைத்து அதன் தலையைக் கோதிவிட்டாள். இந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

வீட்டுக்கு வந்தபோது கணவன் வாசலிலேயே காத்திருந்தான்.

"போட்டாளா?"

இல்லையென்று தலையாட்டிவிட்டு, மடித்த காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"ஏன்? எல்லாத்தையும் எடுத்துச் சொன்னியா?"

"சொன்னேன். போன வருஷமே தெரியும்கறதையும் சொன்னேன்."

"அதை ஏன் சொன்னே?"

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். உள்ளே மாமியாரின் இருமல் கேட்டது.

"ஏன் சொன்னேன்னு அவ கேக்கல" என்றாள். "அன்னைக்கு ஏன் சொல்லலைன்னுதான் கேட்டா."